அர்த்தம் போடுறீங்க, அந்த வார்த்தை வந்த வழியையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாணவர் பக்கத்துல தினமும் புது இங்கிலீஷ் வார்த்தைங்க போட்டு பக்கத்துலயே தமிழ் அர்த்தமும் குடுக்குறீங்க, நல்ல விஷயம், சாயங்காலம் நான் இங்கிலீஷ் சொல்லித்தர்ற எங்க தெரு பசங்க அதை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்காங்க. அதுல ஒரே ஒரு குறை. அந்த வார்த்தை எந்த பாஷையிலேருந்து எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி கூட இல்ல. பசங்க அர்த்தத்தை மனப்பாடம் பண்றாங்க, பரீட்சை முடிஞ்சதும் அது போயிடுது, ஆனா வந்த கதையை சொல்லி குடுத்த வார்த்தையை மட்டும் மாசக்கணக்கா கழிச்சு கேட்டாலும் டக்குனு சொல்றாங்க.

விண்டோவையே எடுத்துக்குங்க. ஒண்ணாங்கிளாஸ் வார்த்தை, அதனாலயே யாரும் நின்னு யோசிக்கிறதில்ல. இங்கிலாந்துல வந்து குடியேறுன வைக்கிங் ஜனங்க பேசுன பழைய நார்ஸ் பாஷையில அது விண்ட்அவ்கா, காத்தோட கண்ணுன்னு அர்த்தம். இதை சொல்லிட்டு சிலப்பதிகாரத்துக்கு போவேன். அதுல 'மான்கண் காலதர்'னு ஒரு இடம் வருது, கால்னா காத்து, அதர்னா வழி, மானோட கண்ணு மாதிரி வடிவத்துல வச்ச காத்து வழி. வடக்கே குளிர்ல கிடந்தவங்களும் பூம்புகார்ல இருந்தவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே கிடையாது, ஆனா சுவத்துல விட்ட அந்த ஓட்டையைப் பாத்ததும் ரெண்டு பேருக்கும் காத்தும் கண்ணும்தான் தோணியிருக்கு. இதை கேட்ட பையன் விண்டோவையும் மறக்க மாட்டான், காலதரையும் மறக்க மாட்டான்.

சரி நாம இன்னிக்கு சொல்ற ஜன்னல்? அது போர்ச்சுகீஸ்காரங்க விட்டுட்டுப் போன ஜனெலா, அதுக்கு அப்பன் லத்தீன்ல கதவைக் குறிக்கிற யானுவா, அதாவது ஜன்னல்னா குட்டிக் கதவு. ரோமாபுரியில வாசலுக்குன்னு ஒரு சாமி இருந்துச்சு, யானுஸ்னு பேரு, முன்னாடி ஒரு முகம் பின்னாடி ஒரு முகம், அவர் பேர்லதான் ஜனவரி மாசம், அதே யானுவாலேருந்துதான் ஜானிட்டர்னு ஒரு வார்த்தை, முதல்ல வாசல் காக்குறவர், இன்னிக்கு அமெரிக்காவுல கட்டடத்தைக் கூட்டி சுத்தம் பண்ணி பாத்துக்குறவர். வீட்டு ஜன்னலும் பக்கத்துல தொங்குற காலண்டரோட முதல் தாளும் சொந்தக்காரங்கன்னு சொன்னப்போ ஒரு பொண்ணு எந்திரிச்சு போயி ஜன்னலைத் தொட்டுப் பாத்துட்டு வந்துச்சு.

இதே போர்ச்சுகீஸ் வழியில வந்தது இன்னும் நிறைய கிடக்கு. சாவி அவங்க சாவே, லத்தீன்ல கிளாவிஸ், பயாலஜி புக்குல பசங்க பயந்து பயந்து படிக்கிற கிளாவிக்கிள், அதான் காறை எலும்பு, அதுக்கு அர்த்தமே குட்டிச் சாவி. அலமாரிக்கு மூலம் லத்தீன்ல ஆயுதம், தளவாடம்னு அர்த்தம் வர்ற ஆர்மா, ஆர்மியும் ஆர்மரும் அங்கேருந்துதான். மஸில்னா லத்தீன்ல சின்ன எலி, கையை மடக்கி விட்டா தோலுக்கு அடியில ஓடுதே அதைப் பாத்து வச்ச பேரு.

கொரோனா நேரத்துல வீட்டுக் கதவுல ஒட்டுன நோட்டீஸ்ல இருந்த குவாரண்டைன் எல்லாருக்கும் தெரியும், ஆனா அது இத்தாலியன்ல நாற்பதுங்கிற எண்ணுன்னு எத்தனை பேருக்கு தெரியும்? பிளேக் பயத்துல 1377-ல ரகூசாங்கிற துறைமுகத்துல, இப்போ குரோஷியாவுல இருக்கிற டுப்ரோவ்னிக், வெளியூர்லேருந்து வர்றவங்களை 30 நாள் ஒதுக்கி வச்சாங்க, பின்னாடி அது 40 நாளாச்சு, வெனிஸ்காரங்க வச்ச அந்த பேரே நிலைச்சுது. கிரிக்கெட் பாக்குற பசங்களுக்கு அம்பயர். அது முதல்ல நம்பயர் மாதிரி 'ந'ங்கிற எழுத்துல ஆரம்பிச்ச வார்த்தை, பழைய பிரெஞ்சுல ஜோடி சேராதவர், ரெண்டு கட்சிக்கும் பொதுவான மூணாவது ஆளு, எ நம்பயர்னு வேகமா சொல்லிச் சொல்லி அந்த 'ந' சத்தம் முன்னாடி இருந்த எ-யோட ஒட்டிக்கிட்டு ஆன் அம்பயர் ஆயிடுச்சு. ஏப்ரனும் இப்படித்தான் நாப்ரனா இருந்து மாறுச்சு.

அப்புறம் பெட்ரிகோர். காஞ்ச மண்ணுல மழை விழுந்ததும் வர்ற வாசனை, இதுக்கு இங்கிலீஷ்ல தனியா ஒரு வார்த்தை வேணும்னு 1964-ல ஆஸ்திரேலியாவுல ஐசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க உருவாக்குனாங்க. கிரேக்கத்துல பெட்ரான்னா கல்லு, ஐக்கோர்னா அவங்க கதைகள்ல சாமிங்க ரத்தக் குழாயில ஓடுற திரவம். நாம மண்வாசனைன்னு சாதாரணமா சொல்லிட்டு போறோம், உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்ங்கிற ஊர்ல அந்த வாசனையை சந்தன எண்ணெயில இறக்கி அத்தரா விக்கிறதே ரொம்ப காலமா நடக்குது.

நம்மகிட்டேருந்து போனதையும் அவசியம் போடணும், ஏன்னா இங்கிலீஷ்னா பயப்படுற பசங்களுக்கு அதைவிட தைரியம் குடுக்குறது எதுவும் இல்ல. சுருட்டு செரூட் ஆச்சு, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆச்சு, கட்டுமரத்தை சோழமண்டலக் கரையில பாத்து வில்லியம் டாம்பியர்ங்கிற மாலுமி 1697-ல வந்த தன் பயணப் புஸ்தகத்துல எழுதுனார், இன்னிக்கு கட்டமரான்னா ரெண்டு படகை சேர்த்து வச்ச மாதிரி இருக்கிற பெரிய கப்பல். நாம கோடவுன்னு சொல்றதே கிடங்குதான், இந்தப் பக்கத்துலேருந்து மலாய் தேசம் போயி குடங் ஆகி இங்கிலீஷ்காரன் வாயில நுழைஞ்சு திரும்பி நம்ம ஊருக்கே வந்து சேர்ந்துச்சு. குருந்தக்கல்தான் கொரண்டம், மாணிக்கமும் நீலமும் அந்த ஒரே தாதுவோட ரெண்டு நிறம், உலகம் பூரா ஜியாலஜி படிக்கிறவங்க தமிழ்ப் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. இந்த மாதிரி வார்த்தைகளைத் தொகுத்து 1886-ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியை எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தரான பர்னல் நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர்.

ஒரு வார்த்தையை மட்டும் தனியா சொல்லணும். இங்கிலீஷ் பேப்பர்கள்ல உலகமே ஒதுக்கி வச்ச நாட்டை பரையா ஸ்டேட்னு எழுதுறாங்க. அர்த்தம் மட்டும் பாத்து படிச்ச பையன் அதை ஸ்டைலா இருக்குன்னு கட்டுரையில எழுதிடுவான். அது நம்ம மண்ணுல நம்மளோட வாழுற மக்களோட பேரு, பறைங்கிற வாத்தியத்தோட சேர்ந்த பேரு, அதை வெள்ளைக்காரங்க காலத்து எழுத்து ஒரு இழிசொல்லா ஆக்கி ஊர் உலகமெல்லாம் கொண்டு போயிடுச்சு. வந்த வழி தெரிஞ்சா எந்தப் பிள்ளையும் அதை எழுத மாட்டான். ஐசொலேட்டட்னு எழுதுடான்னு நான் சொல்லுவேன், அது லத்தீன்ல தீவுங்கிற வார்த்தையிலேருந்து வந்தது, யாரையும் புண்படுத்தாது. உங்க பக்கத்துல இந்த வார்த்தை வந்தா தயவுசெஞ்சு இந்த விவரத்தோட போடுங்க.

ஆனா போடுறப்போ சரி பாத்து போடணும், இதுல நான் கண்டிப்பா இருப்பேன். வாட்ஸ்அப்ல வர்றதுல பாதி கட்டுக்கதை. நியூஸ்னா நார்த் ஈஸ்ட் வெஸ்ட் சவுத்னு ஸ்கூல்லயே சொல்லித்தர்றாங்க, அது தப்பு, நியூங்கிற வார்த்தையோட பன்மைதான் நியூஸ், புதுசு புதுசா வந்த சேதிங்க, அவ்வளவுதான். கேஷ் நம்ம காசுலேருந்து வந்துச்சுன்னு பெருமையா ஃபார்வர்டு பண்றாங்க, கடையில குடுக்குற கேஷ் லத்தீன்ல பெட்டிங்கிற கப்சாவுலேருந்து பிரெஞ்சு வழியா வந்தது. அதுக்காக காசு போகவே இல்லன்னும் சொல்லக் கூடாது, மெட்ராஸ்ல கம்பெனி காலத்துல பொழங்குன சின்ன செப்பு நாணயத்துக்கு கேஷ்னுதான் பேரு, 80 கேஷ் சேர்ந்தா ஃபணம்னு இன்னொரு நாணயம், அந்த கேஷ் நம்ம காசுதான், ஸ்பெல்லிங் ஒண்ணா அமைஞ்ச வேற வார்த்தை. இந்த மாதிரி தெளிவா பிரிச்சு சொன்னா பசங்க இன்னும் ஆர்வமா கேக்குறாங்க, பொய்யான பெருமை வேண்டியதே இல்ல.

தினமும் எல்லா வார்த்தைக்கும் இடம் இல்லன்னா வாரத்துல ஒரு நாள், சனிக்கிழமை மட்டும் ஒரே ஒரு வார்த்தையை எடுத்து கால் பக்கம் எழுதுங்க, நல்ல டிக்‌ஷனரியைப் பாத்து சரி பண்ற ஒரு ஆளையும் வச்சுக்குங்க. முதல் சனிக்கிழமைக்கு கிளாவிக்கிள் போட்டா நல்லா இருக்கும், பத்தாவது பசங்களுக்கு பரீட்சைக்கும் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், கும்பகோணம்