புதிய மெனுவில் ஏன் இத்தனை காலி இடம்?

அன்புள்ள கேபிள் ஆபரேட்டர் நண்பர்களுக்கு,

வணக்கம். செட்-டாப் பாக்ஸில் புதிய மெனு வந்ததிலிருந்து உங்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "முன்னாடி வரிசைக்கு எட்டுப் படம் தெரிந்தது, இப்போது ஐந்துதான். பாதித் திரை சும்மா கிடக்கிறதே?" போனில் ஒவ்வொருவருக்கும் சொன்ன பதிலை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

பழைய மெனுவை வரைந்தது ஆபீஸ் மேசையில், லேப்டாப்புக்கு ஒன்றரை அடி எதிரே உட்கார்ந்து. அங்கே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிறகு கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சந்தாதாரர் வீட்டுக்குப் புகார் என்று போனோம். ஷோகேஸ் மேல் 32 இஞ்ச் டிவி. எதிர்ச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார் அந்த வீட்டு அம்மா. நடுவில் பத்தடி. பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட்டை எடுத்து ஓகே அழுத்தினார். கேட்காத சேனல் வந்தது. "நான் எதுல நிக்கறேன்னே தெரியலையே கண்ணு" என்றார். எங்களுக்கும் தெரியவில்லை. எழுந்து டிவி பக்கத்தில் போன பிறகுதான், தேர்வான கட்டத்தைச் சுற்றி நாங்களே போட்டிருந்த நீலக் கோடு கண்ணில் பட்டது.

கோட்டின் மேல் தப்பில்லை, தூரம்தான் காரணம். பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது, நல்ல கண்ணுக்கே ஏறக்குறைய 0.87 மில்லிமீட்டருக்குக் குறைந்தது தனியாகப் பிரிந்து தெரியாது. உங்கள் ஏரியாவில் அதிகம் இருக்கும் 32 இஞ்ச், குறுக்கே 1366 பிக்சல் (ஒளிப்புள்ளி) உள்ள டிவியில் ஒரு பிக்சலின் அகலம் 0.52 மில்லிமீட்டர்தான். போதாததற்கு, 1920 பிக்சலுக்கு வரைந்த படத்தை அந்த டிவி சுருக்கிக் காட்டுகிறது. ஒற்றை பிக்சல் கோடு அதிலேயே பாதி கரைந்துவிடும்.

இதில் அதிகம் அடி வாங்குவது தமிழ்தான். பழைய எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு பிக்சல்தான் இருந்தது. தூரத்தில் புள்ளி காணாமல் போனால் 'பக்தி' என்பது 'பகதி' ஆகிவிடும். ணை, னை இரண்டிலும் சுழிகள் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, கொஞ்சம் தடிமனும் கூட்டினோம். தமிழ்த் தலைப்புகள் நீளமானவை வேறு. படத்துக்குக் கீழே பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்க மனம் வரவில்லை. கட்டம் அகலமானது, எட்டு ஐந்தானது. காரணம் இவ்வளவுதான்.

தேர்வான கட்டம் இப்போது மற்றதைவிடப் பெரிதாகி, தடித்த வெள்ளை விளிம்போடு நிற்கும். டிவியில் மவுஸும் இல்லை, தொடுதிரையும் இல்லை. நாலு அம்பும் ஒரு ஓகேயும்தான். நிற்கிற இடம் தெரியாவிட்டால் எல்லாமே குருட்டாம்போக்கு. பேக் அழுத்தினால் விட்ட இடத்துக்கே, அதே படத்தின் மேல் திரும்பி வரும். முன்பு வரிசையின் தொடக்கத்துக்குத் தூக்கிப் போட்டுவிடும். அது எங்கள் சோம்பேறித்தனம், மன்னிக்கவும்.

ஓரங்களில் விட்ட இடமும் வீணில்லை. படக்குழாய் டிவி காலத்தில் படத்தின் விளிம்பு சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துவிடும். தட்டை டிவி வந்தும் பல மாடல்கள் அந்தப் பழக்கத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகின்றன. ஆண்ட்ராய்டு டிவிக்கு கூகுள் சொல்லும் அளவையே எடுத்துக்கொண்டோம்: நாலு பக்கமும் 5 சதவீதம். 1920-க்கு 1080 திரையில் இடம் வலம் 96 பிக்சல், மேல் கீழ் 54.

சிவப்பு எழுத்தை எடுத்ததற்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார். கடையில், நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் விவிட் மோடில் வைத்துக் கொடுத்த டிவியை யாரும் மாற்றுவதில்லை; அதில் சிவப்பு ஓரம் கசிகிறது. பளீர் வெள்ளைப் பின்னணியோ, லைட் அணைத்த அறையில் கண்ணைக் கூசவைக்கும். சரி, பின்னணி சாம்பல் நிறமே இருக்கட்டும் என்று விட்டோம்.

அப்புறம், தேடல். வரிசைக்கு ஆறு எழுத்தாக ஏ முதல் இசட் வரை அடுக்கிய பலகையில் சிவாஜி என்று ஆங்கிலத்தில் தட்ட, ஓகேயையும் சேர்த்து 27 முறை பட்டன் அழுத்த வேண்டும். எம்ஜிஆர் 12-லேயே முடிந்துவிடுகிறது. சிவாஜி ரசிகர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியாது என்பதால், இரண்டு எழுத்து தட்டியதுமே பெயர்கள் பக்கத்தில் வரிசையாக வரும்படி செய்திருக்கிறோம். மைக் பட்டன் உள்ள ரிமோட் என்றால் தமிழிலேயே பேசித் தேடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டுப் படம்தான் வேண்டும் என்றால் உங்கள் கண்ட்ரோல் ரூமுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம். அதற்கு முன் ஒரு நாள் சந்தாதாரர் வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சேனல் எண் இன்னும் வெட்டுப்படும் டிவி இருந்தால் மாடல் எண்ணோடு ஒரு போட்டோ அனுப்புங்கள். பக்கத்தில் போய் எடுக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுங்கள்.

அன்புடன்,
மென்பொருள் பிரிவு,
ஈரோடு