இரண்டரை மணி விழிப்பு

கோவை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் நிம்மதி. பேத்தி விமானிப் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள், உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டிருந்தாய்.

நான் விமானி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. இன்னமும் நடுராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விடியற்காலை விமானத்துக்கு என்னை அழைத்துப்போக வாசலில் கார் வந்து நின்ற நேரம் அது. எழுந்து ஊஞ்சலில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருக்கிறேன். காதும் மந்தம். கமலா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை.

கதிர்வீச்சைப் பற்றிப் பயந்திருக்கிறாய். உயரே போகப்போக அண்டவெளிக் கதிர்கள் அதிகம் என்பது உண்மைதான். தரையில் இருப்பவர்களுக்கே இயற்கையாக ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிர்வீச்சின் அளவு) சேர்கிறது. விமானிகளுக்கு அதற்கு மேல் பெரும்பாலும் 2 முதல் 5 வரை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் இந்தக் கதிர்களைத் தடுக்கும் நல்ல காவல். சென்னை–சிங்கப்பூர் பறப்பவரைவிட வடதுருவத்தை ஒட்டி அமெரிக்கா போகிறவருக்குத்தான் கூடுதல். வெள்ளைத் தோல்காரர்கள் மிகுந்த நாடுகளில் விமானிகளுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. அதற்குக் காரணம் இந்தக் கதிர்தானா, விமானி அறைக் கண்ணாடி வழியே விழும் வெயிலா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. எங்கள் சோறு மருத்துவச் சான்றிதழில் இருந்தது. அது போனால் வேலை போயிற்று. அம்மா இறந்தபோது இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. மருத்துவரிடம் மூச்சு விடவில்லை. 2015இல் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் விமான நிறுவனத்தின் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை மோதவிட்டதில் 150 உயிர்கள் போயின. தன் மனநோயை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். செய்ததை மன்னிக்கவே முடியாது. ஆனால் மறைக்க வைக்கும் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நெஞ்சில் ஒரு பாரம். மருத்துவர் "என்ன செய்கிறது?" என்றார். "ஒன்றுமில்லை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த கமலாதான் எல்லாவற்றையும் சொன்னாள். நல்லவேளை, இதயத்தில் கோளாறு இல்லை.

பேத்தி தாராளமாகச் சேரட்டும். 2024இல் அறிவித்த விதிப்படி விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகியிருக்கிறது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை. களைப்பையும் மனக்கஷ்டத்தையும் ஒளிக்காமல் சொல்ல மட்டும் இப்போதே பழகச் சொல்.

வியாழக்கிழமை காதுக் கருவிக்கு அளவெடுக்கப் போகிறேன். அது வரும்வரை தொலைபேசியில் கூப்பிடாதே, கடிதமே எழுது.

அன்புடன்,
ராமு