ராபின்சனுக்கு முன்னரும் ஒருவர்

ஆசிரியருக்கு,

கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக் ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை அமெரிக்காவின் உயர்நிலை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் தன் பதிவுகளில் இணைத்துக்கொண்டது (2024) குறித்த தங்கள் கட்டுரையில், மேஜர் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் என்று இருந்தது. அவர் களமிறங்கியது 1947இல். அதற்கு 63 ஆண்டுகள் முன்பே, 1884இல், மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர், மேஜர் லீக்கில் டோலிடோ அணியின் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) 42 ஆட்டங்கள் ஆடிவிட்டார். இன்றைய தடித்த கையுறை இல்லாத காலம். பெரும்பாலும் வெறுங்கையால்தான் பந்தைப் பிடித்தார். அவர் அணியின் பந்துவீச்சாளர் டோனி முல்லேன், எந்தப் பந்தை வீச வேண்டும் என்று வாக்கர் காட்டிய சைகைகளை நிறவெறியால் வேண்டுமென்றே புறக்கணித்ததைப் பின்னாளில் தானே ஒப்புக்கொண்டார். கல்லூரி நாட்களில் விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். எந்தப் பந்து வரும் என்று தெரிந்து, கையுறையும் அணிந்திருந்தபோதே இருமுறை என் விரல் முறிந்தது. வாக்கர் பட்ட வேதனையை என்னால் ஓரளவு உணர முடிகிறது.

மேஜர் லீக் வாழ்வு ஓராண்டில் முடிந்தாலும் அவர் முடங்கிவிடவில்லை. ஒஹையோவில் திரையரங்கு நடத்தினார். படச்சுருள் தொடர்பான கருவிகளுக்குக் காப்புரிமை பெற்றார். இனப் பாகுபாட்டைப் பற்றி நூல் எழுதினார். 1924 மே 11 அன்று மறைந்தார். இனி ராபின்சனை ‘20ஆம் நூற்றாண்டின் முதல் கறுப்பின வீரர்’ என்று குறிப்பிடுமாறும், வரும் மே 11 அன்று விளையாட்டுப் பக்கத்தில் வாக்கரைப் பற்றி ஒரு தனிக்கட்டுரை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தஞ்சாவூர்