வாட்ச் செயினுக்கு டூத்பேஸ்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மங்கிப்போன வாட்ச் செயினை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வீட்டுக்குறிப்பு வந்திருந்தது. மின்னும்தான். ஆனால் எல்லா செயினும் மின்ன வேண்டும் என்று செய்யப்பட்டது இல்லையே.

எவர்சில்வர் செயின் பலவற்றில் பளபளப்பான கண்ணிகளும் இருக்கும், உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகிற கண்ணிகளும் இருக்கும். கோட்டின் மேல் பேஸ்ட்டைத் தேய்த்தால் அது திட்டுத்திட்டாக அழியும். அப்பாவின் வாட்சை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தேன், மொத்தமாக பஃப் மெஷினில் பிடித்துவிட்டார்கள், கோடெல்லாம் போய் ஓரங்கள் மழுங்கி, தேய்ந்த சோப்பு மாதிரி திரும்பி வந்தது. தேய்ந்த உலோகம் தேய்ந்ததுதான். இன்றைக்கும் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் நானே வீட்டில் செய்யப் பழகினேன். முதலில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் வைத்து செயினைக் கழற்றுங்கள், செயினை வாட்சோடு பிடித்திருக்கும் குட்டிக் கம்பி துள்ளிப்போனால் கிடைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் கண்ணி இடுக்கெல்லாம் தேய்த்தால் கறுப்பாக அழுக்கு இறங்கும். எங்கள் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்து உப்பு அந்த இடுக்கில் தங்கிவிடுகிறது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்கிறோம், ஆனால் உப்பிலுள்ள குளோரைடு நாள்கணக்கில் தங்கினால் நல்ல ரகமான 316எல் எஃகில்கூட புள்ளிப்புள்ளியாகக் குழி விழும். பாதிக்குப் பாதி செயின்களுக்கு இந்தக் கழுவலே போதும்.

கீறல் அப்படியே தெரிந்தால், பளபளப்பான கண்ணிகளை பெயின்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பச்சை ஸ்க்ரப்பரை எடுத்து, கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே, அழுத்தாமல், ஒரே நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கெட்டது. இரும்புக் கம்பி நார் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் செயினில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அப்பாவின் செயினிலும் கோடுகளை இப்படித்தான் திரும்பக் கொண்டுவந்தேன். மழுங்கிய ஓரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தங்கமுலாம் பூசியது, கறுப்புப் பூச்சு உள்ளது இரண்டிலும் பேஸ்ட், ஸ்க்ரப்பர் எதுவும் படக்கூடாது. முலாம் சில மைக்ரான் கனம்தான், ஆசையாகத் தேய்த்தால் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும். அடுத்த முறை இந்தக் குறிப்பைப் போடும்போது, செயினில் கோடு இருக்கிறதா, முலாம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகர், ராயபுரம், சென்னை-13