சலவைக் கடைக்காரர் மகள்

சியோல்
13-4-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் விட்டுவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையை இன்று எங்கள் தெருச் சலவைக் கடையில் போட்டேன். கடைக்கார அம்மாளுக்கு இங்கே நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து ஒரே குஷி. "சலவைக் கடைக்காரர் மகள் ஆறாவது தடவையும் ஜெயித்துவிட்டாள்!" என்கிறார். அவர் சொன்ன கதை உங்களுக்கென்றே இருக்கிறது. நீதிபதி அரசியலுக்கு வரலாமா என்று இப்போதும் யாரோடாவது வாதாடிக்கொண்டுதானே இருப்பீர்கள்? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதான் கடிதம்.

ஜெயித்த அந்த மகளின் பெயர் சூ மி-யே. 1958-இல் தேகு நகரில் பிறந்தவர். 1985 முதல் பத்து வருஷம் நீதிபதி. 1995-இல் எதிர்க்கட்சித் தலைவர் கிம் தே-ஜுங் கூப்பிட, வேலையை விட்டு அவர் கட்சியில் சேர்ந்தார். மறு வருஷமே எங்கள் குவாங்ஜின் பகுதிக்கு எம்.பி. கிம் தென்மேற்கே ஜொல்லா பக்கத்துக்காரர். தேகு இருப்பது தென்கிழக்கே, இரண்டு பக்கத்துக்கும் அரசியலில் ஆகாது. தேகுவில் அவருக்கு ஓட்டு விழுவதே அபூர்வம். இவர் கட்டிக்கொண்டதும் ஜொல்லா மாப்பிள்ளையைத்தான். 1997 ஜனாதிபதித் தேர்தலில் சொந்த ஊருக்கே போய்க் கிம்முக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறார். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை நினைத்து 'சூதார்க்' என்று பட்டப்பெயர் வந்தது அப்போதுதான்.

2004 கதையை அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நடித்தே காட்டினார். ஜனாதிபதி ரோ மூ-ஹியுனைப் பதவிநீக்கும் தீர்மானத்துக்குக் கட்சியோடு இவரும் துணைபோனார். ஜனங்களுக்குக் கடுங்கோபம். மன்னிப்புக் கேட்டு ஜொல்லா பக்கத்துக் குவாங்ஜு நகரத் தெருக்களில் மூன்று நாள், மூன்று எட்டுக்கு ஒருமுறை மண்டியிட்டு விழுந்து கும்பிட்டபடியே போனாராம். நேர்த்திக்கடன் மாதிரிதான். அப்படியும் தோற்றார்! 2008-இல்தான் குவாங்ஜின் தொகுதி திரும்ப ஏற்றுக்கொண்டது.

2016-இல் கட்சித் தலைவர், 2020-இல் நீதி அமைச்சர். இங்கேதான் நீங்கள் சிரிப்பீர்கள். தலைமை அரசு வழக்கறிஞர் யூன் சுக்-யோலை நவம்பரில் பணியிலிருந்து நிறுத்திவைத்தார். ஒரே வாரத்தில் கோர்ட் தடை போட்டது. அப்புறம் இரண்டு மாத சஸ்பென்ஷன். அதற்கும் தடை. பத்து வருஷம் தீர்ப்பு எழுதியவருக்கு, கோர்ட் எங்கே பிடிக்கும் என்று தெரியாமலா போயிற்று? அந்த யூன்தான் 2022-இல் ஜனாதிபதி ஆனார். இதை நான் சொன்னதும் அந்த அம்மாள் பதிலே சொல்லாமல் ஒரு காலரை இரண்டு தடவை தேய்த்தார்.

இந்தத் தடவை ஜெயித்தது பக்கத்து ஊர் ஹானாமில், ஏறத்தாழ 1,200 ஓட்டு வித்தியாசத்தில்.

நாளைக்குச் சித்திரை ஒன்று. பாயசத்தில் என் பங்கைத் தம்பிக்குக் கொடுங்கள். உங்கள் தீர்ப்பை எழுதுங்கள், கடைக்கார அம்மாளுக்கு என் அரைகுறைக் கொரியனில் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்பு மகள்