போட்ட காசு

அன்பு மகன் சுதனுக்கு,

கனகாம்பிகை அம்மன் துணையால நாங்கள் மூண்டு பேரும் நல்ல சுகம். நீயும் அப்படியே சுகமா இருக்க வேண்டுறம். வட்ஸ்அப்பில போட்டால் ரெண்டு நீலக்கோடு விழுது, மறுமொழி வருகுதில்லை. அதுதான் பழையபடி பேனையை எடுத்தனான். தங்கச்சி படமெடுத்து அனுப்பிவிடுறன் எண்டவள். வேண்டாம், தபாலில போடுறன் எண்டிட்டன். சிலதை அவள் வாசிக்கத் தேவையில்லை. உன்ரை படிப்பைப் பற்றி நான் கேக்கேல்லை. அதை முதலே சொல்லிப்போட்டன்.

இஞ்சை விடாத மழை. வயல் குடலைப் பருவத்தில நிக்குது. இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கிறாங்களோ எண்டு இரவில ஒருக்கா எழும்பி ரோட்டு மட்டும் போய்ப் பார்க்கிறன். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பயம் விட்டுப்போகேல்லை. அம்மாவுக்கு முழங்கால் உழைவு. சிவப்பி கண்டு போட்டிருக்கு, நாம்பன். நேரத்துக்குச் சாப்பிடு. உங்கை சரியான குளிர் எண்டு செய்தியில சொன்னாங்கள், காதை மூடிக்கொண்டு போ.

தங்கச்சி கம்பஸ் லீவில வந்து நிக்கிறாள். உளவியல் எடுத்தாலும் எடுத்தாள், வீட்டில ஆர் வாய் திறந்தாலும் அதுக்கொரு ஆராய்ச்சி சொல்லுறாள். போன கிழமை கரண்ட் இல்லாத இரவு, லாம்பைப் பக்கத்தில வைச்சு நோட்ஸ் வாசிச்சுக் காட்டினவள். 1985 இல அமெரிக்காவில ஆர்க்ஸ், புளூமர் எண்ட ரெண்டு பேர் ஒரு கேள்வி குடுத்தவையாம். பனியில சறுக்கப் போறதுக்கு நீ ரெண்டு ரிக்கற் வாங்கியிருக்கிறாய். மிச்சிகனுக்கு 100 டொலர், விஸ்கொன்சினுக்கு 50 டொலர். விஸ்கொன்சின்தான் உனக்குக் கூடச் சந்தோசம் தரும் எண்டு உனக்கே தெரியும். பிறகு பார்த்தால் ரெண்டும் ஒரே சனி ஞாயிறு, காசும் திரும்பாது. எங்கை போவாய்? 61 பேரில 33 பேர் 100 டொலர்ப் பக்கம்தானாம். போனாலும் அந்தக் காசு இல்லை, போகாட்டிலும் இல்லை. அது தெரிஞ்சும் சந்தோசம் குறைஞ்ச இடத்துக்குத்தான் போகினம்.

அம்மா "விசர் சனம்" எண்டு சிரிச்சவ. நான் சிரிக்கேல்லை. லாம்புத் திரியைத் தூண்டுற மாதிரிக் குனிஞ்சிட்டன்.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, நீ ஆண்டு ஒன்பது. அந்தச் சிறுபோகம், குளத்துத் தண்ணிக்குக் கூட்டத்தில தந்த பங்குக்கு மேல ரெண்டு ஏக்கர் நான் களவா விதைச்சனான். வாய்க்கால் தண்ணி எட்டேல்லை. இரவிரவாக் கழிவு வாய்க்காலில மிசினை வைச்சு இறைச்சம். நீ டோர்ச் பிடிச்சுக்கொண்டு வரம்பில நிண்டனி. ஒரு வெடிப்புக்குள்ள உன்ரை செருப்பு போய் இறுகினது. இழுத்து எடுக்கேக்குள்ள வேரோட ஒரு பிடி பயிர் கையோட வந்தது, வைக்கோல் மாதிரி. நீ அதை லைற்றில பிடிச்சுக் காட்டி, "அப்பா, இது சரிவராது, விடுங்கோ" எண்டனி. நான் என்ன சொன்னன்? "பொத்தடா வாயை, இவ்வளவு போட்டாச்சு." விடிஞ்சதும் இன்னும் ரெண்டு கான் மண்ணெண்ணெய் வாங்கினன். அது ஆற்றை காசு எண்டு உனக்குத் தெரியும். அம்மான்ரை கை இண்டைக்கும் வெறுங்கைதான். கடைசியில மாட்டை அவிட்டுவிட்டதுதானே.

அந்த ரெண்டு பேரும் பல்கலைக்கழகத்தில இருந்து கண்டுபிடிச்சதை நீ பதினாலு வயசில வரம்பில நிண்டு சொல்லிப்போட்டாய். பெருமைக்குச் சொல்லேல்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்லுறன்.

அப்படிப்பட்ட பிள்ளை இப்ப ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாய்? ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு நேரமில்லையோ? பெரியப்பான்ரை பெடியன் கத்தாரில நிண்டுகொண்டே கிழமைக்கு ரெண்டுதரம் எடுக்கிறான். சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிக்கிறியோ தெரியேல்லை. அதுக்கும் தங்கச்சியிட்டை ஒரு ஆராய்ச்சி இருக்கு. கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பெடியளுக்கு, போட வெக்கப்படுற மாதிரி ஒரு பாட்டுக்காரன்ரை படம் போட்ட ரீசேட்டைக் குடுத்து, ஆக்கள் இருக்கிற அறைக்குள்ள அனுப்பினவையாம். போட்டவன் பாதிப்பேர் கண்டிருப்பினம் எண்டு நினைக்கிறான். உண்மையாக் கண்டது நாலில ஒருத்தர். நான் நம்பேல்லை. ஆனால் போன புதன் விவசாயிகள் கூட்டத்துக்குப் போய் ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டு வந்து கழட்டேக்குள்ளதான் கண்டன், சேட்டுத் தெறி முழுக்க ஒண்டு மாறிப் பூட்டியிருக்கு. எழும்பி நிண்டு கதைச்சனான் வேறை. ஒரு குருவி சொல்லேல்லை. அவையின்ரை கவலை முழுக்க உரமும் பண்டியும். உன்னையும் முதல் மூண்டு மாசம் கேட்டவை, லண்டன் எப்படி எண்டு. இப்ப ஆரும் கேக்கிறதில்லை. தங்கடை பாட்டோட நிக்கினம்.

கேட்டுக் கேட்டு உன்னைத் துளைச்ச ஊர் நான்தான்.

ஐப்பசியில நீ எடுத்தனி. கடைசியா எடுத்தது அதுதான். "அப்பா, எனக்கு இது சரிவரும் போலத் தெரியேல்லை" எண்டனி. அதே சொல்லு. வரம்பில சொன்ன அதே சொல்லு. நான் உனக்குச் சுகமோ, சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்லை. "அப்ப போட்ட காசு?" எண்டன். கொஞ்சநேரம் உன்ரை பக்கம் சத்தமில்லை. பிறகு "சரி அப்பா, வேலைக்கு நேரம் போச்சு" எண்டு வைச்சிட்டாய். போகக் கேட்டது நீயோ? 2022 இல எண்ணெய் வரிசையில நாள்க்கணக்காக் கிடந்து, சுத்திவர எல்லாரும் பிள்ளையளை அனுப்புகினம் எண்டு கதைகேட்டு வந்து, வீதிக்கரைத் துண்டை வித்தது நான். நீ கிளிநொச்சியில கிடைச்ச வேலையோட நிக்கிறன் எண்டனி. அதையும் நான் கேக்கேல்லை.

அந்த ஆர்க்ஸ், புளூமர் நாடகக் கொட்டகையிலும் பார்த்தவையாம். பருவ ரிக்கற் 15 டொலர். சிலருக்கு 2 டொலர் குறைச்சு, சிலருக்கு 7 டொலர் குறைச்சு வித்தவை. முழுக்காசு குடுத்தவை முதல் பாதியில கூட நாடகம் பார்க்கப் போயிருக்கினம். பின்பாதியில அந்த வித்தியாசம் இல்லையாம். எனக்கும் ஆறிட்டுது எண்டு எழுதினால் பொய். அந்தத் துண்டை வாங்கினவர் கச்சான் போட்டிருக்கிறார், நல்லாச் செழிச்சு நிக்குது. சைக்கிளில போகேக்குள்ள மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போறன். ஆனால் அது என்ரை கணக்கு, தம்பி. உன்ரை தலையில எழுதினது என்ரை பிழை. நீ அங்கை படிச்சாலும் சரி, விட்டாலும் சரி, பெட்டியோட வந்து படலையைத் திறந்தாலும் சரி. உன்ரை அறையில நெல்லு மூட்டை ரெண்டு கிடக்கு, அதை எடுத்திடுவன்.

2022 இல இன்னொரு ஆராய்ச்சியாம், 5,900 பேருக்கு மேல வைச்சு. கனநாள் கதைக்காத ஒருத்தருக்கு நாலு வரி அனுப்பினால், அனுப்பிறவர் நினைக்கிறதை விட வாங்கிறவர் கூடச் சந்தோசப்படுறாராம், எதிர்பாராத நேரத்தில வந்தால் இன்னும் கூடவாம். இதுக்கு 5,900 பேர் தேவையோ? அம்மாவை ஒராளைக் கேட்டிருக்கலாம்.

கடிதத்துக்கு மறுமொழி எழுதவேண்டாம். படிப்பைப் பற்றியும் சொல்லவேண்டாம். ஒரு மிஸ்கோல் அடி, காணும். உனக்குப் பின்னேரம் அஞ்சு எண்டால் இஞ்சை இரவு பத்தரை. அம்மா படுத்திடுவா, திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பவேணும். நான் வான்கதவு பார்க்க எப்படியும் முழிச்சுத்தான் இருப்பன்.

அன்புடன்,
அப்பா