அப்பாவின் தட்டில் மறுபடி சோறு நிறைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவின் சிறுநீரகங்கள் தளர்ந்துவிட்டன என்று தெரிந்தபோது அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் 5.8 என்று அளவுக்கு மீறி ஏறியிருந்தது. பயத்தில் ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டேன். உருளைக்கிழங்கை நிறுத்தினேன், பழுப்பரிசி, கோதுமை, ஓட்ஸ் எல்லாம் போயின. மிஞ்சியது வெள்ளைச் சோறு, அதுவும் அரை வயிறு. ஐந்து மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். பத்தியம் என்ற பெயரில் அவரை நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

உணவியல் நிபுணர் அம்மாவுக்கு முதல் நன்றி. நீங்கள் தடைப் பட்டியல் எதையும் நீட்டவில்லை. கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, தளர்ந்த சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் பேனாவால் வட்டமிட்டீர்கள். போதிய கலோரி போகாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைக்கும், அந்தக் கழிவும் சிறுநீரகத்தின் தலையில்தான் விழும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் பொட்டாசியம் சுமார் 55 மில்லிகிராம்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இதற்காகவா அளந்து அளந்து போட்டோம்!

முழுதானியத்தில் பாஸ்பரஸ் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் உடல் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சுகிறது. பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இதைச் சொல்லிவிட்டு, நான் கொண்டுபோயிருந்த கேக் மாவுப் பொட்டலத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ‘பாஸ்பேட்’ என்ற சொல்லுக்கடியில் நகத்தை வைத்துக் காட்டினீர்கள். அன்று முதல் பொட்டலத்தின் முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. அப்பாவின் பாஸ்பரஸ் அளவு கட்டுக்குள் இருந்ததால், அரை கப் ஓட்ஸ் கஞ்சிக்கு அனுமதி தந்தீர்கள். மலச்சிக்கல் தீர்ந்தது. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் அதுவும் மருந்துதான் என்றீர்கள்.

காத்திருப்பு அறையில் அறிமுகமான அக்கா, கணவருக்குப் பல ஆண்டுகளாகச் சமைத்துப் போடும் உங்கள் கைப்பக்குவத்தை எப்படி மறப்பேன்? உருளைக்கிழங்கை இரவு முழுவதும் ஊறவைத்தால் போதும் என்று நம்பியிருந்தேன். ஊறலில் பெரிதாக ஒன்றும் போகாது, கொதியில்தான் போகும் என்று திருத்தினீர்கள். தோல் சீவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் பாதியளவு குறைகிறது. அப்படி வேகவைத்த நான்கு கரண்டிக் கிழங்கை அப்பா முன் வைத்தபோது, உடனே எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். “சாப்பிடலாம்ப்பா” என்றேன். ஒவ்வொரு துண்டாக, வெகுநேரம் மென்று சாப்பிட்டார்.

சிறுநீரக மருத்துவருக்கும் நன்றி. நல்லதென்று நினைத்து நான் வாங்கிய ‘சோடியம் குறைந்த உப்பு’ பொட்டாசியம் குளோரைடு கலந்தது என்று சொல்லி அன்றே நிறுத்தச் சொன்னீர்கள். ஊசி குத்தும் ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்த பரிசோதனைக்கூடத் தங்கைக்கும் என் அன்பு.

கடந்த வாரம் பொட்டாசியம் 4.7. எடையில் மூன்று கிலோ திரும்பியிருக்கிறது. அப்பா இப்போது சாப்பிடுவதைத் தாமே ஒரு நோட்டில் குறித்துவருகிறார். அடுத்த முறை அதை உங்களிடம் காட்ட வேண்டுமாம்.

நன்றியுடன்,
அவருடைய மகள்